சிலுவையும் போதிமரமும்

சமயம் மாறுவது ஒன்று. தன் சமயத்தில் இருந்துகொண்டே வேறொரு சமயத்தின்பால் உள்ளம் ஈர்க்கப்படுவது மற்றொன்று. முன்னதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் வெளிப்படையானவை. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அதற்கான காரணத்தை அவரே நாடறியச் சொன்னார். பின்னது அப்படி வெளியே தெரிவதில்லை. ஒருவர் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடுவதில்லை. வீட்டுச் சுவரில் திரு இருதயப் படமும் அப்படியே இருக்கிறது. ஆயினும் அவர் உள்ளத்தின் ஒரு பகுதி போதிமரத்தடியில் போய் அமர்ந்துவிடுகிறது.

கத்தோலிக்கருள் சிலர் இவ்வாறு புத்தரிடம் ஈர்க்கப்படுகின்றனர். ஏன் என்ற கேள்வி எனக்கு நூலகத்தில் பிறக்கவில்லை, வீட்டில் பிறந்தது. எங்கள் குடும்பம் நாகப்பட்டினத்தை அடுத்த ஊரில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பா நான் மேலே சொன்ன சிலருள் ஒருவர். வரலாறு பயிலும் மாணவன் என்பதால் அவரைப் புரிந்துகொள்வதற்கு முதலில் பழைய செய்திகளைத் தேடினேன். பிறகுதான் அவரிடமே கேட்டேன். அந்த வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

புனிதர் வரிசையில் புத்தர்

இடைக்கால ஐரோப்பாவில் பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்ட புனிதர் வரலாறுகளுள் ஒன்று பர்லாம், யோசபாத் என்னும் இருவரைப் பற்றியது. இந்தியாவில் ஓர் அரசனுக்கு யோசபாத் என்றொரு மகன் பிறக்கிறான். அவன் துறவு பூணுவான் என்று கணித்தவர் சொல்ல, அஞ்சிய அரசன் அவனை இன்பங்கள் நிறைந்த மாளிகையில் அடைத்து வளர்க்கிறான். ஒருநாள் வெளியே வந்த இளவரசன் நோயாளியைக் காண்கிறான்; முதியவரைக் காண்கிறான்; சாவு என்று ஒன்று உண்டு என்று அறிகிறான். பின்னர் பர்லாம் என்னும் கிறித்தவத் துறவியிடம் உபதேசம் பெற்று, அரசைத் துறந்து காட்டுக்குச் செல்கிறான்.

இது யாருடைய கதை என்று சொல்லத் தேவையில்லை. சித்தார்த்தர் வரலாறு அரபு மொழிக்குச் சென்று, ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் போய்ச் சேர்ந்தபோது கிறித்தவக் கதையாகிவிட்டது. யோசபாத் என்ற பெயரே போதிசத்துவர் என்னும் சொல்லின் திரிபு என்பது அறிஞர் முடிவு. உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27ஆம் நாள் இவ்விருவர்க்கும் இடம் கிடைத்தது. ஆகவே பல நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கர் தாம் அறியாமலேயே புத்தரின் நினைவைக் கொண்டாடி வந்திருக்கின்றனர்.

இச்செய்தியைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “பேர் தெரியாமலே பிடித்துப்போயிருக்கிறது பார்” என்றார். நோயையும் மூப்பையும் சாவையும் கண்டு ஒருவன் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டான் என்னும் அந்த ஒரு செய்தி, எந்தச் சமயத்தாரையும் தொடக்கூடியதாக இருந்திருக்கிறது.

இடிந்த கோபுரம்

வரலாறு எப்போதும் இவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினான். சைவனான இராசராசன் அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என்று நாம் படிக்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் இதற்குச் சான்று.

நாகையில் பௌத்தர்கள் கட்டியதாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. கடலில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாக இருந்தது. 1846இல் வால்டர் எலியட் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1867இல், ஆங்கில அரசின் இசைவோடு, இயேசு சபைத் துறவிகள் அதை இடித்தனர். அச்சபையார் நாகையில் 1844இல் தொடங்கிய கல்லூரியே பின்னர் 1883இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரி. கல்வி தந்த கைகளே கோபுரத்தையும் இடித்தன. இரண்டும் உண்மை. 1856 முதல் அப்பகுதியில் மண்ணைத் தோண்டும்போதெல்லாம் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ஏறத்தாழ 350 திருமேனிகள் கிடைத்தன என்பர். அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

கோபுரத்தை இடித்த அந்தச் சபையிலிருந்தே, ஒரு நூற்றாண்டுக்குள், புத்தர் காட்டிய வழியில் அமர்ந்து பயின்ற துறவிகள் தோன்றினர் என்பதுதான் வியப்பு.

துறவிகள் காட்டிய வழி

இயேசு சபையினருக்கும் ஜென் பௌத்தருக்கும் உள்ள உறவு பழையது. 1549இல் சப்பானில் இறங்கிய புனித சவேரியார் ககோசிமாவில் ஜென் மடத்துத் தலைவர் நின்சித்சுவோடு உரையாடினார். சவேரியார் அவரை மனம் திருப்ப விரும்பினார். அவரிடம் பயில விரும்பவில்லை. பயிலும் எண்ணம் வருவதற்கு நானூறு ஆண்டுகள் பிடித்தன.

ஜெர்மானியரான ஹியூகோ லசால் 1929இல் சப்பான் சென்ற இயேசு சபைக் குரு. அந்நாட்டு மக்களை அறிய வேண்டுமானால் அவர்களுடைய தியானத்தை அறிய வேண்டும் என்று ஜென் பயிலத் தொடங்கினார். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரோசிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவர் அந்நகரில் இருந்தார், காயமுற்றுப் பிழைத்தார். பிறகு சப்பானியக் குடியுரிமை பெற்று, எனோமியா என்ற பெயரும் ஏற்றார். இரோசிமாவில் உலக அமைதிக்கான பேராலயம் எழக் காரணமாக இருந்தவர் அவரே. 1954இல் அது அர்ச்சிக்கப்பட்டது. ஜென் ஆசான்களிடம் மாணவராக அமர்ந்தவர், பின்னர் ஐரோப்பியக் கிறித்தவர்களுக்குத் தாமே அதைக் கற்பித்தார். 1990இல் மறையும்வரை அவர் கத்தோலிக்கக் குருவாகவே வாழ்ந்தார்.

அமெரிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டன் மற்றொருவர். பேசாத் துறவிகள் என்று பெயர் பெற்ற திராப்பிஸ்து சபையைச் சேர்ந்தவர். 1968இல் ஆசியப் பயணம் வந்தபோது தரும்சாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்தார், சென்னைக்கும் வந்தார், அங்கிருந்து இலங்கை சென்று பொலன்னறுவையில் கல் விகாரையின் பெரும் புத்தர் சிலைகளைக் கண்டார். தாம் நெடுநாள் தேடியது அங்கே தெளிந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். சில நாட்களில், டிசம்பர் 10ஆம் நாள், பாங்காக் அருகே மின்விசிறியிலிருந்து மின்சாரம் தாக்கி மாண்டார். அவர் துறவு மடத்துக்குள் புகுந்ததும் 1941இல் அதே டிசம்பர் 10ஆம் நாள்தான்.

தமிழ்நாட்டுக்கும் இவ்வழி வந்தது. இயேசு சபைக் குருவான ஆமா சாமி சப்பானில் யமதா கோவுன் என்னும் ஆசானிடம் பயின்று, 1982இல் ஜென் கற்பிக்கும் உரிமை பெற்றார். 1996இல் கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்னும் தியான இல்லத்தைத் தொடங்கினார். என் பெரியப்பா சென்ற இடம் அதுதான்.

பெரியப்பா சென்ற காரணம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவற்றுள் ஒன்று பெரியப்பாவின் ஒரே மகன் உயிர். 14 வயது. காலைப் பூசை முடிந்து நண்பர்களோடு வேளாங்கண்ணிக் கடற்கரைக்குச் சென்றவன். உடல் கிடைக்கவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. அண்ணனைப் புகைப்படத்தில்தான் அறிவேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் பேசினார்கள். ஆண்டவருக்குப் பிடித்த பிள்ளை, ஆகவே அழைத்துக்கொண்டார் என்றார் ஒருவர். பேராலயத்துக்குள் கடல் நுழையவில்லை, மாதா செய்த புதுமை என்றார் இன்னொருவர். “கோவில் தப்பியது புதுமை என்றால், என் பிள்ளை போனதற்கு என்ன பெயர்?” என்று பெரியப்பா கேட்டாராம். யாரும் விடை சொல்லவில்லை. அதன் பிறகும் அவர் கோவிலுக்குப் போனார். ஆனால் வாய்திறந்து செபம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அந்நாட்களில் அவர் கையில் எடுத்த நூல் மணிமேகலை. புலவர் பட்டத்துக்காகப் படித்ததுதான். சிறைவிடு காதையில் மகனை இழந்த அரசமாதேவி வருகிறாள். உதயகுமாரன் வெட்டுண்டு இறந்தது மணிமேகலையால் என்று எண்ணி அவளைப் பலவாறு துன்புறுத்துகிறாள். மணிமேகலை எதற்கும் கலங்கவில்லை; அரசியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள். நீ அழுதது மகனின் உடலுக்காகவா, உயிருக்காகவா என்பது கேள்வி. உடலுக்காக என்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவர் யார்? உயிருக்காக என்றால் அது புகுந்த இடம் நமக்குத் தெரியாது. அவ்வுயிரிடம் அன்பு உண்டென்றால் எல்லா உயிர்களிடமும் இரங்க வேண்டும் என்கிறாள்.

“இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன் தம்பி. பொருள் தெரியும், உரை தெரியும். ஆனால் அப்போதுதான் அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டது” என்றார் பெரியப்பா.

அவர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உதயகுமாரன் சாவுக்கு முற்பிறப்பு வினையே காரணம் என்றும் மணிமேகலை விளக்குகிறாள். “ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். பதினாலு வயதுப் பிள்ளை என்ன வினை செய்திருப்பான்? விடை எனக்கு வேண்டாம், அந்தக் கேள்வி போதும்” என்றார். சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று, பிள்ளையை இழந்த தாயிடம் புத்தர் சொன்ன கதையையும் அவர் அடிக்கடி சொல்வார். அந்த ஆண்டு எங்கள் கடற்கரைக் குப்பங்களில் அப்படிக் கடுகு தரக்கூடிய வீட்டைத் தேடியிருந்தால் அலைச்சலே மிஞ்சியிருக்கும்.

கத்தோலிக்கக் குரு ஒருவரே ஜென் தியானம் கற்பிக்கிறார் என்று உடன் பணிபுரிந்த ஆசிரியர் சொல்ல, அவர் பெருமாள்மலைக்குச் சென்றார். ஒரு வாரம் தங்கினார். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை செல்வது வழக்கமாயிற்று. அங்கே என்ன கிடைத்தது என்று கேட்டேன். அவர் சொன்னவற்றை நான் மூன்றாகத் தொகுத்துக்கொண்டேன்.

முதலாவது, அங்கே முதலில் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படி உட்காருவது, முதுகை எப்படி வைத்துக்கொள்வது, மூச்சை எப்படி எண்ணுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். நம்ப முடியாத நிலையில் இருப்பவனும் உட்கார முடியும், மூச்சுவிட முடியும். இரண்டாவது, அமைதி. நம் கோவில்களில் பாட்டும் செபமும் பிரசங்கமும் ஒலிபெருக்கியும் இடைவிடாமல் தொடர்கின்றன. நற்கருணை வாங்கியபின் வரும் மௌனம்கூட ஒரு நிமிடம் நீடிப்பதில்லை. அங்கேயோ பேச்சே விலக்கு. மூன்றாவது, துன்பத்தைப் பற்றிய பார்வை. துன்பம் உண்டு என்பதே புத்தரின் முதல் வாய்மை. “துன்பப்படாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதைப் பார் என்றுதான் சொன்னார்கள்” என்றார்.

நான்காவது ஒன்றை நானே சேர்க்கிறேன். கத்தோலிக்கருக்குப் பௌத்தம் முற்றிலும் அயலாகத் தோன்றுவதில்லை. துறவியர் மடங்கள், மணம்புரியாத வாழ்க்கை, செபமாலை, மெழுகுவர்த்தி, புனிதப் பொருள்கள், யாத்திரை ஆகிய எல்லாம் இரு பக்கமும் உண்டு. சொல்லற்ற செபமும் திருச்சபைக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித சிலுவை அருளப்பர், இறைவனை அடையும் வழியில் ஒன்றுமில்லாமையையும் இருளையும் கடக்கவேண்டும் என்று எழுதினார். ஆனால் அச்செல்வம் மடங்களுக்குள் இருந்தது; பங்குக் கோவிலில் மாலைச் செபத்துக்கு வரும் ஆசிரியருக்கும் மீனவருக்கும் அதை யாரும் கைப்பிடித்துக் கற்றுத்தரவில்லை. தம் வீட்டுப் பரணில் இருந்த பொருளை அடுத்த வீட்டில் கண்டு மகிழ்ந்தவர்களே இவர்களுட் பலர் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியம்மா கேட்ட கேள்வி

கதையின் மறுபாதி பெரியம்மா. விடியற்காலையில் ஓர் அறையில் பெரியப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடுத்த அறையில் பெரியம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். தொடக்கத்தில் அவருக்கு இது பெரும் வேதனையாக இருந்தது. ஒருநாள் நேரே கேட்டுவிட்டார்.

“அங்க உட்கார்ந்து யாருகிட்ட பேசுறீங்க?”

“யாருகிட்டயும் பேசல.”

“அப்போ யாரு கேக்குறா?”

“தெரியல” என்றார் பெரியப்பா.

இந்தச் சிறு உரையாடலில் இரு சமயங்களுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருப்பதாக நான் எண்ணுகிறேன். கிறித்தவச் செபத்தில் ‘நீர்’ என்று விளிக்க ஒருவர் உண்டு. வேண்டலாம், கோபிக்கலாம், ஏன் கைவிட்டீர் என்று கேட்கலாம். சிலுவையில் இயேசுவே அவ்வாறு கேட்டார். ஜென் அமர்வில் விளிப்பதற்கு எவரும் இல்லை. பெரியப்பாவுக்கு அந்த ‘நீர்’ தாங்க முடியாத பாரமாக இருந்தது. பெரியம்மாவுக்கோ அது இல்லாவிட்டால் அழவும் இடமில்லை.

மணிமேகலையின் கேள்வியை ஒருமுறை பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. சற்றும் தயங்காமல், “உடம்புக்கும் அழுவேன், உசுருக்கும் அழுவேன். ரெண்டும் எனக்குத் திரும்பி வரணும்” என்றார். உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறோம். அதன் பொருளை இவ்வளவு தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. மகனின் உடல் கிடைக்காத தாய்க்கு அது வெறும் கோட்பாடு அன்று.

திருச்சபையின் இரு குரல்கள்

திருச்சபையும் இவ்விருவரைப் போலவே இரு குரலில் பேசியிருக்கிறது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அது கூறியது. பௌத்தத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 1989இல் கர்தினால் ராட்சிங்கர் கையொப்பத்தோடு வந்த மடலோ, கீழைநாட்டுத் தியான முறைகளைக் கைக்கொள்வோர் தம்முள்ளேயே அடைபட்டுவிடக் கூடாது என்று எச்சரித்தது. 1994இல் போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஒரு நூலில், பௌத்தம் காட்டும் மீட்பு பெரும்பாலும் எதிர்மறையானது என்று எழுதினார். இலங்கைப் பௌத்தர் மனம் புண்பட்டனர். 1995 சனவரியில் அவர் கொழும்பு சென்றபோது பௌத்தத் தலைவர்கள் சந்திப்பைப் புறக்கணித்தனர்.

பௌத்தர் பக்கத்திலும் நியாயமான கேள்வி உண்டு. ஐந்து சீலங்களையும் சங்கத்தையும் விட்டுவிட்டுத் தியானத்தை மட்டும் எடுத்துக்கொள்வது முறையா? மாம்பழத்தின் சாற்றை மட்டும் கேட்டு, மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறுப்பது போன்றதே அது.

இக்கேள்விகளை நேர்மையோடு எதிர்கொண்டவராக இலங்கை இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸ் எனக்குத் தோன்றுகிறார். பௌத்தத்தை முறையாகக் கற்று முனைவர் பட்டம் பெற்றவர். 1974இல் களனியில் துலானா என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவினார். மெய்யறிவும் அன்பும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. பௌத்தம் முன்னதையும் கிறித்தவம் பின்னதையும் முதன்மையாகப் பேசினாலும், இரண்டும் இரு சமயங்களிலும் உண்டு என்பது அவர் கருத்து. 1988இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பே அன்பு மெய்யறிவைச் சந்திக்கிறது என்ற பொருளுடையது.

நான் கொண்ட முடிவு

கல்லூரி விழாக்களில் எம்மதமும் சம்மதம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. எல்லாம் ஒன்றே என்றால் பெரியம்மா அழுத அழுகைக்குப் பொருள் இல்லை. பெரியப்பா மலையேறிச் சென்றதற்கும் பொருள் இல்லை. மகனுடைய உடலையும் உயிரையும் திரும்பக் காண்பேன் என்பதும், உடல் யாருடையது, உயிர் எங்கே என்று கேட்டு அமைதி அடைவதும் வேறு வேறானவை. இதை மறைப்பது இரண்டு சமயங்களுக்கும் மரியாதை ஆகாது.

அப்படியானால் இவர்கள் ஏன் செல்கிறார்கள்? வேறொரு கடவுளைத் தேடி இவர்கள் செல்லவில்லை. பௌத்தத்தில் அப்படி ஒருவரைத் தேடவும் முடியாது. தம் கையில் உள்ள விடைகள் தம் துன்பத்தின் அளவுக்கு எட்டாதபோது, விடை சொல்லாமல் உடன் இருக்கும் ஓர் இடத்தைத் தேடிச் செல்கிறார்கள். அவ்விடத்தை நம் கோவிலே தந்திருக்க முடியும். துக்க வீட்டில் விளக்கம் சொல்லாமல் சற்று நேரம் பேசாதிருக்க நாம் கற்றிருந்தால், பெரியப்பா பெருமாள்மலைக்குப் போயிருக்க வேண்டியதில்லையோ என்று நான் நினைப்பதுண்டு. போனதால் அவர் கெட்டுவிடவில்லை என்பதையும் பார்க்கிறேன். அண்மைக் காலமாகக் கல்லறைத் திருநாளன்று இருவரும் சேர்ந்து, கல்லறை இல்லாத மகனுக்காகக் கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பெரியம்மா செபம் சொல்கிறார். பெரியப்பா அருகில் நிற்கிறார்.

நண்பர்களே, நம்முள் யாராவது இப்படி வேறொரு மரத்தடியில் போய் அமர்ந்தால், மதம் மாறிவிட்டாயா என்று கேட்கவேண்டாம். எதை இழந்தாய் என்று கேட்போம். அவர் சொல்லத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் கேட்போம்.